வடம் நிற்கும்போது

பழனி அடிவாரத்தில் ஆண்டுதோறும் தவறாமல் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. ‘நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குங்க நிறுத்தறாங்க?’ ரோப் கார் பராமரிப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டுள்ளது என்ற அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சொல்வது அது. அவர்களுடைய எரிச்சலில் நியாயம் இல்லாமலில்லை. எழுபது வயதுத் தாயைத் தொலைதூரத்திலிருந்து அழைத்து வந்தவருக்கு எதிரே இருப்பவை 693 படிகள். அல்லது விஞ்ச் நிலையத்தின் நீண்ட வரிசை. மூன்று நிமிடப் பயணத்தை நம்பி வந்தவர் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கை ஆபத்தானது என்பது என் எண்ணம். ஓடிக்கொண்டிருக்கும் வரையில் ஓர் இயந்திரம் நலமாக இருக்கிறது, நின்றால்தான் பழுது என்று நாம் நினைக்கிறோம். கம்பி வடத்தால் இழுக்கப்படும் எதற்கும் இந்த எண்ணம் பொருந்தாது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கே ரோப் கார் விடும் திட்டம் பேசப்பட்டுவரும் இந்நாளில், இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழனியில் விஞ்ச் ஓடத் தொடங்கியது 1966இல். சாய்ந்த தண்டவாளத்தில் பெட்டியை வைத்து, மேலே இருக்கும் மோட்டார் கம்பி வடத்தால் இழுக்கும் ஏற்பாடு அது. பின்னர் மேலும் இரண்டு விஞ்ச்சுகள் சேர்ந்தன. 2004இல் ரோப் கார் வந்தது. 2007 அக்டோபரில் அந்த ரோப் காரில் விபத்து நேர்ந்து பக்தர்கள் உயிரிழந்தனர். இன்று அங்கே கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கை அந்த நினைவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நடுப்பகலில் சிறிது நேரம், மாதத்தில் ஒருநாள், ஆண்டில் ஒரு மாதத்துக்கும் மேல் என்று மூன்று அடுக்குகளாக ஓட்டம் நிறுத்தப்படுகிறது. ஆண்டுப் பராமரிப்பில் தேய்ந்த பாகங்கள் மாற்றப்படுகின்றன. பிறகு பெட்டிகளில் எடையேற்றி வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகே மனிதர்களை ஏற்றுகிறார்கள். காற்று பலமாக வீசினாலும் நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊரில் ஒரு பொது இயந்திரம் இவ்வளவு முறையாக ஓய்வு பெறுவது அபூர்வம். அதைப் பாராட்டாமல் நாம் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம்.

*

வடம் தமிழனுக்குப் புதிய பொருளல்ல. மோட்டார் பம்ப்செட் வருவதற்கு முன் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்த காலத்தில், ஒரு குடும்பத்தின் வெள்ளாமை முழுவதும் ஒரு வடக்கயிற்றின் வலிமையில் தொங்கிக்கொண்டிருந்தது. தோற்பறியின் வாயைத் தூக்கும் வடக்கயிறு ஒன்று, அதன் வாலைப் பிடித்து நீரைக் கொட்டச் செய்யும் வால்கயிறு ஒன்று. நீர் நிறைந்த பறி பாதி ஏறியிருக்கையில் கயிறு அறுந்தால் மாடுகள் முன்னே பாய்ந்து விழும். ஆகவே ஏர்க்காலிலும் கவலையிலும் வாழ்ந்தவர்களுக்குக் கயிற்றை விரலால் நீவிப் பார்ப்பது அன்றாடப் பழக்கமாக இருந்தது. எங்கே நைந்திருக்கிறது, எந்தக் கப்பியில் உரசுகிறது என்பதை அவர்கள் கண்ணைவிடக் கையால் அறிந்தார்கள்.

தேரோட்டத்தையும் நினைத்துக்கொள்ளலாம். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தேரைத் திருப்புகிறவரும் நிறுத்துகிறவரும் சக்கரத்தின் அருகே கட்டையோடு நிற்கும் சிலர்தான். முட்டுக்கட்டை என்ற சொல்லை இன்று நாம் வசைச்சொல்லாக மாற்றிவிட்டோம். நல்ல காரியத்தைக் கெடுப்பவன் முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். தேர் ஓடும் வீதியில் அது உயிர் காக்கும் கருவி. அந்தக் கட்டையைப் போடுகிறவர் ‘நில்’ என்றால் ஆயிரம் பேரும் நிற்க வேண்டும். அந்த அதிகாரத்தில் கேள்வி கிடையாது.

கயிற்றிலிருந்து கம்பி வடத்துக்கு உலகம் மாறியது 1834இல். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதிச் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்பவர், சங்கிலிகள் திடீர் திடீரென்று அறுவதைக் கண்டு சலித்து, இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிப் பார்த்தார். அவருடைய கண்டுபிடிப்பின் அருமை வலிமையில் மட்டும் இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. அது முன்னறிவிப்புத் தராது. கம்பி வடத்திலோ பல இழைகள் சேர்ந்து ஒரு புரி, பல புரிகள் சேர்ந்து ஒரு வடம். ஓர் இழை அறுந்தால் மற்றவை சுமையைத் தாங்கிக்கொள்ளும். அறுந்த இழை வெளியே முள்போல் நீட்டிக்கொண்டு நின்று தன் நிலையைச் சொல்லும். குறிப்பிட்ட நீளத்துக்குள் எத்தனை இழைகள் அறுந்திருக்கின்றன என்று எண்ணி, வடத்தின் விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அதை எப்போது கழிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் முறை இதிலிருந்துதான் பிறந்தது. சுருங்கச் சொன்னால், கம்பி வடம் சாவதற்கு முன் பேசும். கேட்பதற்கு ஆள் வேண்டும், கேட்பதற்கு நேரமும் வேண்டும். அந்த நேரத்தைத்தான் அடிவாரத்து அறிவிப்புப் பலகை கேட்கிறது.

ஆனால் எல்லா இழைகளும் வெளிப்பக்கத்தில் அறுவதில்லை என்பது இதில் உள்ள சிக்கல். கப்பியின் மேல் வளைந்து நிமிரும்போதெல்லாம் உள்ளே இழையோடு இழை உரசுகிறது. எண்ணெய் வற்றினால் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வடத்தின் முனையைப் பெட்டியோடு பிணைக்கும் இடத்தில், பிடிமானத்தின் வாய்க்கருகே, அசைவு முழுவதும் ஒரே புள்ளியில் குவிகிறது. அந்த இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவேதான் காந்தப்புலத்தின் வழியே வடத்தைச் செலுத்தி உள் முறிவுகளைக் கண்டறியும் சோதனையும், பிடிமானத்தைக் கழற்றிப் பார்க்கும் பராமரிப்பும் தேவைப்படுகின்றன. ஓடும்போது இவற்றில் ஒன்றையும் செய்ய இயலாது.

*

இந்த இயந்திரத்தின் மிகச் சிறிய வடிவம் ஒன்றைப் பற்றிச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும். அமெரிக்காவில் ‘பாப்-அப் கேம்ப்பர்’ என்று ஒரு வண்டி உண்டு. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தட்டையான பெட்டி. முகாமிடும் இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலெழும், பக்கவாட்டில் கூடாரத் துணி விரியும், உள்ளே குடும்பமே படுத்துக்கொள்ளலாம். புதியதன் விலை அதிகம் என்பதால் பலரும் பழைய வண்டியைத்தான் வாங்குகிறார்கள். பழைய வண்டியின் தீராத வியாதி, கூரை பாதியில் மாட்டிக்கொள்வது.

பரவலாகக் காணப்படும் அமைப்பு இது: வண்டியின் முன்பக்கம் ஒரு கை விஞ்ச். அதன் உருளையில் சுற்றும் ஒற்றைக் கம்பி வடம் தரைக்கு அடியில் ஒரு கப்பிச் சட்டத்தை இழுக்கும். அங்கிருந்து நான்கு வடங்கள் நான்கு மூலைகளுக்குப் பிரியும். ஒவ்வொரு மூலையிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த்தூண் நீண்டு கூரையைத் தூக்கும். பழனி விஞ்ச்சில் இருக்கும் அத்தனை அங்கங்களும் இதில் உண்டு: உருளை, வடம், கப்பி, பிரேக், சுமை.

கூரை நகரவில்லை என்றதும் மனிதன் முதலில் செய்வது, கைப்பிடியை இன்னும் பலமாகச் சுற்றுவது. செய்யவே கூடாத காரியம் அதுதான். நான்கில் ஒரு கப்பி துருவேறி இறுகியிருந்தால், கூடுதல் பலம் அந்த ஒரு வடத்தை அறுக்கும். அல்லது கூரையைக் கோணலாக்கி மற்ற மூன்று தூண்களையும் வளைக்கும். சிறு பழுது பெரும் பழுதாகும். மேலே நிற்கும் கூரை கீழே இருப்பவர் தலையில் இறங்கவும் கூடும்.

முறை தெரிந்தவர்கள் செய்வது வேறு. முதலில் கைப்பிடியை விட்டுவிடுகிறார்கள். கூரை உயர்ந்திருந்தால் நான்கு மூலைகளுக்கும் மரத்தாங்கிகள் கொடுக்கிறார்கள். அதற்கு முன் எவரும் உள்ளே தலை நீட்டுவதில்லை. பிறகு கேள்விகள். கூரையைப் பூட்டும் கொக்கிகள் எல்லாம் விடுபட்டனவா? (பாதிப் பழுதுகள் இந்தக் கேள்வியோடு தீர்ந்துவிடும்.) கூரைமேல் மழைநீரோ சுமையோ தேங்கியிருக்கிறதா? கைப்பிடி சுமையே இல்லாமல் சுழல்கிறதா? அப்படியானால் தலைவடம் அறுந்திருக்கலாம், அல்லது உருளையில் பிடி நழுவியிருக்கலாம். ஒரு மூலை மட்டும் பின்தங்குகிறதா? அந்த மூலைக்குச் செல்லும் வடத்தையும் கப்பியையும் தூணையும் மட்டும் பார்த்தால் போதும். நான்கும் சேர்ந்து நிற்கின்றனவா? நான்குக்கும் பொதுவான இடத்தில், அதாவது விஞ்ச்சிலோ கப்பிச் சட்டத்திலோ, குறை இருக்கிறது. ஏறிய கூரை கையை விட்டதும் தானாக நழுவுகிறதா? பிரேக் தட்டு தேய்ந்திருக்கும். அல்லது யாரோ நல்லெண்ணத்தோடு அதற்கும் எண்ணெய் போட்டிருப்பார்கள். உராய்ந்தால்தான் பிரேக்; அதற்கு எண்ணெய் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

இந்தக் கேள்விகளின் வரிசையில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். நின்றுபோன இயந்திரம் ஏதோ சொல்ல வருகிறது என்று ஏற்றுக்கொண்டு, விசை எந்த இடம் வரை வந்தது, எங்கே நின்றது என்று அடி அடியாகப் பின்தொடர்வது. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் பொறுமை அது.

*

இந்தப் பொறுமை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2021 மே 23 அன்று, மஜ்ஜோரே ஏரிக்கரையிலிருந்து மொத்தரோனே மலைக்குச் செல்லும் ரோப் காரின் இழுவை வடம் அறுந்தது. பெட்டி உச்சி நிலையத்தை ஏறக்குறைய எட்டிவிட்டிருந்தது. வடம் அறுந்தாலும் பெட்டி பின்னோக்கி ஓடாமல் தாங்குவடத்தை இறுகப் பற்றிக்கொள்ள அவசர பிரேக் ஒன்று உண்டு. அன்று அது பற்றவில்லை. பெட்டி சரிந்து ஓடி, ஒரு கோபுரத்தருகே கீழே வீழ்ந்தது. 14 பேர் இறந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான்.

பிரேக் ஏன் பற்றவில்லை? பழுதானதால் அல்ல. அது அடிக்கடி தேவையில்லாமல் பிடித்துக்கொண்டு பெட்டியை நிறுத்தியது என்பதால், அதைப் பிடிக்க விடாமல் இரும்புக் கவ்வி ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். இத்தகைய பிரேக்குகள் சுருள்வில்லின் பலத்தால் தாமே மூடிக்கொள்ளும். எண்ணெய் அழுத்தம்தான் அவற்றைத் திறந்து வைத்திருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். ஆக, பிரேக் அடிக்கடி பிடித்தது என்றால் எங்கோ அழுத்தம் குறைகிறது என்று பொருள். அது இயந்திரத்தின் வாக்குமூலம். அதைக் கேட்டுக் காரணம் தேடியிருந்தால் சில நாட்கள் ஓட்டம் நின்றிருக்கும், சுற்றுலாப் பயணிகள் முணுமுணுத்திருப்பார்கள், கொஞ்சம் பணம் போயிருக்கும். வாயை அடைப்பது சுலபமாக இருந்தது. அறுந்த வடமோ, முன்னர் சொன்னதைப் போலவே, முனைப் பிடிமானத்தை ஒட்டிய இடத்தில் அறுந்தது.

லிஸ்பன் நகரில் 2025 செப்டம்பர் 3 அன்று நடந்தது இன்னொரு பாடம். 1885இல் திறக்கப்பட்ட குளோரியா சரிவு ரயிலில் இரண்டு பெட்டிகள் ஒரே வடத்தின் இரு முனைகளில் ஒன்றையொன்று சமன்செய்தபடி ஏறி இறங்கும். பிணைப்பிடத்தில் வடம் விடுபட்டதும் மேலிருந்த பெட்டி பாய்ந்து இறங்கிக் கட்டடத்தில் மோதியது. 16 பேர் மாண்டனர். அன்று காலையிலும் பரிசோதனை நடந்திருக்கிறது. கண்ணால் பார்த்தார்கள், குறையொன்றும் தெரியவில்லை. வடம் முறிந்த இடமோ பாகங்களைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாதது. பயன்பாட்டில் இருந்த வடம் மனிதரை ஏற்றிச் செல்வதற்குரிய சான்று பெற்றதல்ல என்பதும் முதற்கட்ட விசாரணை அறிக்கையில் வெளிவந்தது. பதிவேட்டில் ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதுவதற்கும் உண்மையில் பார்ப்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

நம் நாட்டில் 2022 ஏப்ரல் 10 அன்று, ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலை ரோப் கார் நடுவானில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் நாற்பது மணி நேரத்துக்கும் மேலாக அந்தரத்தில் தொங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களில் வந்து ஒவ்வொருவராகக் கயிற்றில் இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. காப்பாற்றும் கணத்திலேயே கைநழுவி விழுந்து இறந்தவர்களும் உண்டு. நிற்பது பாதுகாப்பு என்று இதுவரை சொன்னேன். நின்றபின் இறக்குவதற்கு வழியில்லாத இடத்தில் நிற்பது பாதுகாப்பாகாது என்பதைத் திரிகூடம் காட்டியது. மாற்று மோட்டார், மீட்புக் கயிறு, பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவை ரோப் காரின் இணைப்புகள் அல்ல, அதன் அங்கங்கள்.

*

இப்போது கொடைக்கானலுக்கு வருகிறேன். மத்திய அரசின் ‘பர்வதமாலா’ திட்டத்தில், பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ரோப் கார் அமைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டிருக்கிறது. சாலை வழியே ஏறக்குறைய 65 கி.மீ. வளைந்து வளைந்து ஏற வேண்டிய தூரம். ஒரு காலத்தில் பெரியகுளம் பக்கமிருந்து டோலிகளில் ஆட்களைச் சுமந்து ஏறிய மலை அது. இன்று அதன் சாலைகளில் வாகனங்கள் மிகுந்துபோய், உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறையே வந்துவிட்டது. இந்நிலையில் ரோப் கார் நல்ல மாற்று என்று ஒரு தரப்பு சொல்வதில் தவறில்லை. காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலைமேல் கோபுரங்கள் நடலாமா என்ற எதிர்த்தரப்பின் கேள்வியும் தள்ளத்தக்கதல்ல. அந்த விவாதம் தனியே நடக்கட்டும். என்னுடைய கேள்வி அதற்கு அடுத்தது: கட்டிவிட்டால், நிறுத்துவது யார்?

பழனிக் குன்று சிறியது. அடிவாரத்திலிருந்து அண்ணாந்தால் உச்சி தெரியும். பெட்டி நடுவழியில் நின்றாலும் ஏணியும் கயிறும் எட்டும் தொலைவு. கொடைக்கானலோ ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இடையே மூடுபனி, காற்று, மழைக்காலத்து இடி, கீழே காலடி வைக்க இயலாத சோலைகளும் பள்ளத்தாக்குகளும். பழனியில் நின்றால் அது செய்தி. அங்கே நின்றால் அது பேரிடர். 2024 ஜூலையில் கரூர் மாவட்டம் அய்யர்மலையில் ரோப் கார் திறக்கப்பட்ட கையோடு, காற்றினால் பழுதாகிச் சிலர் அந்தரத்தில் காத்திருக்க நேர்ந்தது. சிறிய மலை என்பதால் அது சிறிய செய்தியாக முடிந்தது.

மேலும், சுற்றுலாவுக்கென்று கட்டப்படும் ரோப் காருக்குக் கோயில் ரோப் காருக்கு இல்லாத ஒரு நெருக்கடி உண்டு. பழனியில் ரோப் கார் நின்றாலும் விஞ்ச் இருக்கிறது, படிகள் இருக்கின்றன, யானைப்பாதை இருக்கிறது. முருகன் எங்கும் போய்விடப் போவதில்லை. கொடைக்கானலிலோ ஏப்ரல், மே சீசனில் நிற்கும் ஒவ்வொரு நாளும் விடுதிக்காரருக்கும் டாக்ஸி ஓட்டுநருக்கும் பழக்கடைக்காரருக்கும் நஷ்டம். நடத்துகிறவர் தனியார் நிறுவனமாக இருந்தால் கடன் தவணையும் சேர்ந்துகொள்ளும். ‘சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஒரு வாக்கியத்துக்கு எல்லா அழுத்தமும் கூடி வந்து நிற்கும். மொத்தரோனேயில் கவ்வி மாட்டியதற்குப் பின்னாலும் இத்தகைய அவசரம்தான் இருந்தது. கெட்ட மனம் தேவையில்லை. தள்ளிப்போடும் மனம் போதும்.

ஆகவே, கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன் நாம் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. பராமரிப்பு நாட்கள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டு, ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். கூட்டத்தைக் காரணம் காட்டி அவற்றைத் தள்ளிவைக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இருக்கக் கூடாது. வடத்தின் பரிசோதனை முடிவுகள் பொதுமக்கள் பார்க்கும்படி தமிழில் வெளியிடப்பட வேண்டும்: வடம் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, பிடிமானங்கள் எப்போது கழற்றிப் பார்க்கப்பட்டன, எத்தனை முறை பிரேக் தானாகப் பிடித்தது, என்ன காரணம் கண்டறியப்பட்டது. மீட்பு ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊரறிய நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டத்தை நிறுத்தும் பொத்தானுக்கு அருகே நிற்கும் ஊழியர், மாதச் சம்பளம் வாங்கும் கடைநிலைப் பணியாளராகவே இருந்தாலும், அவர் நிறுத்தினால் எவரும் ‘ஏன் நிறுத்தினாய்?’ என்று மிரட்டும் தொனியில் கேட்கக் கூடாது. தேருக்குக் கட்டை போடுகிறவருக்கு நாம் காலங்காலமாகக் கொடுத்துவரும் மரியாதையை அவருக்கும் கொடுக்க வேண்டும்.

இவை அரசுக்கும் நிறுவனத்துக்குமான கோரிக்கைகள். பயணிகளாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. நிறுத்துகிறவர்கள் மீது விழும் அழுத்தத்தில் ஒரு பகுதி நம் முணுமுணுப்பிலிருந்து பிறக்கிறது. வரிசையில் நிற்கும் நாம் கூச்சலிட்டால், மேலாளர் தொலைபேசியை எடுப்பார். அங்கிருந்து அழுத்தம் இறங்கி, கடைசியில் எண்ணெய்க் கையோடு கப்பியின் அருகே குந்தியிருக்கும் ஒருவரிடம் போய்ச் சேரும். ‘எவ்வளவு நேரம்ப்பா?’ என்ற கேள்வியில் அவர் பார்க்க வேண்டிய பத்துப் பிடிமானங்களில் ஒன்றைப் பார்க்காமல் விட்டால், அந்த ஒன்றில் நம் கைகளும் பட்டிருக்கின்றன.

அடுத்த முறை பழனிக்குப் போகும் நாளில் ரோப் கார் நின்றிருந்தால், அன்று வடத்தைக் கழற்றி யாரோ விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். முடிந்தவர்கள் படியேறலாம். முடியாத தாயாருக்கு விஞ்ச் வரிசையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கித் தரலாம். அதைக் கேட்டுக் கூச்சலிடுவது நியாயமான கூச்சல்.